தந்தை பெயர்: ஓம்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் வண்டி ஒன்று
உலகத்தில் யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல் போயிற்று.
அதனால் கூட்டத்துக்கு
எல்லோருமே தாமதம்.

மாநகராட்சிப் பள்ளி, ஐந்தாம் வகுப்பு ஆ பிரிவு.
கரும்பலகையில் பாதியில் நின்ற வகுத்தல் கணக்கு.
சுவரில் முழங்கால் உயரத்துக்கு மழை போட்ட கோடு.
சின்னப் பெஞ்சுகளில் காலை மடக்கிக்கொண்டு
நான்கு அமைப்புகள் உட்கார்ந்தோம்.

எபினேசரிடம் மருத்துவக் குழுவின் நீலப் பதிவேடு.
ஹபிபா மேடத்திடம் மடிக்கணினி, சார்ஜ் பதினொரு சதவீதம்.
அகதிகள் சங்கத்து மங்களேஸ்வரியிடம்
ரோஜாப்பூ அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு.
என்னிடம் படிவங்கள்,
ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை.

முதல் ஒரு மணி நேரம்
யார் பதாகை எந்தச் சுவரில் என்பதில் கழிந்தது.
இதை எழுதாமல் விடலாம்தான்.

பிறகு பிள்ளைகளைக் கூட்டினோம்.
அவர்கள் அறுபத்திரண்டு. இவர்கள் ஐம்பது. நாங்கள் நாற்பத்தெட்டு.
வராந்தாவில் படுத்திருந்த தலைகளோ
எழுபதுக்குமேல் தேறவில்லை.
"ஒவ்வொரு பேரா உரக்கப் படிங்க," என்றார் ஹபிபா.

என் படிவத்தில்: நித்யஸ்ரீ, வயது ஏழு.
மடிக்கணினியில்: நீத்து குமாரி.
பதிவேட்டில் பெயரில்லை, வரிசை எண் மட்டும்.
மூன்றிலும் இடது புருவத்தில்
அதே தழும்பு.

தந்தை பெயர் என்ற கட்டத்தில்
ஓம் என்று எழுதியிருந்தேன்.
தட்டச்சு செய்த பையன் அதை ஓம் பிரகாஷ் ஆக்கினான்.
ஓம் பிரகாஷுக்கு ஒரு ஊர் வேண்டுமே,
பீகார் என்று போட்டான்.
இந்தி தெரிந்தவரை வரவழைத்தார்கள்.
அவர் கேட்டதற்கெல்லாம் அவள் வாய் திறக்கவில்லை.
பேச்சுக் குறை இருக்கலாம், மருத்துவக் குழு பார்க்கவும்.
மருத்துவக் குழு எழுதியது:
வரவில்லை, வேறு அமைப்பு கூட்டிப்போயிருக்கலாம்.

ஏடு ஏடாக டிக்.
அந்த மை அழுத்தமாகவே இருந்தது.

அதுவரை ஒன்றும் பேசாத மங்களேஸ்வரி
என் படிவத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தார்.
"அப்பா இருக்கிறாரா எண்டு கேட்டனீங்களோ?"
"கேட்டேன்."
"ஓம் எண்டால் எங்கட பக்கம் ஆமாம், பிள்ளை.
அவள் இருக்கிறார் எண்டு சொல்லியிருக்கிறாள்."

மின்விசிறி இல்லாத அறையில்
எனக்கு மட்டும் குளிர்ந்தது.

நிதுர்ஷா என்று கேட்டு
பெயின்ட் படிந்த சட்டையோடு ஒருவர்
இரண்டு முறை வாசலுக்கு வந்ததாகக்
காவலாளி இப்போது சொல்கிறார்.
லிஸ்டில் அப்படி யாரும் இல்லை,
அனுப்பிவிட்டேன் என்கிறார்.
அவர்மேல் கோபப்பட எங்களுக்கு யோக்கியதை இல்லை.

பீகார்ப் பிள்ளைகளின் வரிசையில்
மூன்றாவது பாயில் இருந்தாள் அவள்.
பக்கத்துச் சிறுமி தண்ணீர் கேட்க
பானி, பானி என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள்,
நாங்கள் நாலு பேரும் சேர்ந்து செய்யாத வேலை அது.

மங்களேஸ்வரி குந்தி உட்கார்ந்து
பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டார்.
"ஓம்," என்றாள்.

அதற்குள் மடிக்கணினி அணைந்துவிட்டது.
ஆகவே எல்லாப் பெயர்களும் ரோஜாப்பூ நோட்டுக்கு வந்தன.
ஒரே நோட்டு. ஒரே கையெழுத்து இல்லை:
ஒரு பக்கம் எபினேசர், ஒரு பக்கம் நான்.
இந்திப் பெயர்களை அந்தப் பிள்ளைகளிடமே கேட்டு ஹபிபா எழுதினார்.
பெயரைப் படித்துக்காட்டி, சரியா என்று கேட்டபிறகுதான்
அடுத்த வரி.
அறுபத்தேழு வந்தது.
மறுபடி எண்ணினோம், அறுபத்தெட்டு.
நாளைக்கும் எண்ண வேண்டும்.

மாதவரத்தில் வேலை முடித்து
அந்த மனிதர் கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது.
வாசலில் போய் நின்றோம்,
நான்கு நிறத்துச் சட்டைகளும்
நடுவில் அவளும்.

தூரத்தில் மணி அடித்தது.
கேட்டை மறுபடி
மூடுகிறார்கள்.